சணப்பை: மண்ணுக்கு உரம், கைக்கு நார், வாய்க்கு மட்டும் வேண்டாம்

கோடையில் ஒன்றிரண்டு மழை பெய்து நிலம் பதப்பட்டிருக்கும். நடவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். இந்த இடைவெளியில் நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதை விட, சணப்பையை விதைத்து மடக்கி உழுவது நல்ல பலன் தரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுவோம். சாக்கு நெய்யும் சணல் வேறு, நாம் பேசும் சணப்பை வேறு. சணல் வங்காளத்தில் பெருவாரியாகப் பயிராவது. பயறு இனத்தைச் சேர்ந்ததல்ல. சணப்பை பயறு இனத்துச் செடி. வேரில் முடிச்சுக் கட்டிக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். பளிச்சென்று மஞ்சள் பூ பூக்கும். முற்றிய காயை ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுவென்று ஒலிக்கும். வரப்பில் தானாக முளைக்கும் கிலுகிலுப்பைச் செடிக்கு இது நெருங்கிய உறவு. இந்த உறவைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சணப்பைக்கு வடிகால் வசதியுள்ள வண்டல், செம்மண், மணற்பாங்கான நிலங்கள் ஏற்றவை. தண்ணீர் தேங்கினால் செடி மஞ்சளித்து நின்று விடும். தண்ணீர் தேங்கும் வயலுக்கும் களர் நிலத்துக்கும் தக்கைப்பூண்டுதான் சரி. அங்கே சணப்பையை விதைத்துவிட்டு விதையைக் குறை சொல்வதில் பயனில்லை.

உரத்துக்காக விதைப்பதானால் ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதும். நெருக்கமாக விதைத்தால் தண்டு மெல்லியதாக வரும். மடக்கி உழுதபின் விரைவில் மட்கும். இரண்டு பாக்கெட் ரைசோபியம் நுண்ணுயிரை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதைத்து விட வேண்டும். இலை அதிகம் வேண்டுவோர் வைகாசி, ஆனியில் விதைப்பது நலம். பகல் பொழுது குறையும் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் செடி உயரமாக வளரும் முன்பே பூத்து விடும். அதற்கேற்ப உரமும் குறையும்.

விதைத்து நாற்பது நாள் ஆனதும் நாளுக்கு ஒருமுறை வயலைப் பார்த்து வர வேண்டும். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள், முதல் பூக்கள் தலைகாட்டும் சமயத்தில் மடக்கி உழுவதே சரியான பருவம். தண்டில் நகம் பதிய வேண்டும். "இன்னும் பத்து நாள் விட்டால் இன்னும் உயரமாக வருமே" என்று பலர் தள்ளிப் போடுகிறார்கள். செடி உயரும், எடையும் கூடும். ஆனால் தண்டு நாரேறிக் கட்டையாகிவிடும். கட்டையான தண்டை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக் கொள்ளும். அதனால் நட்ட பயிர் பச்சை பிடிக்காமல் வெளுத்து நிற்கும். உரம் போட்ட வயலில் பயிர் வெளுப்பதற்குப் பல இடங்களில் இந்தத் தாமதமே காரணம்.

எவ்வளவு உரம் கிடைத்தது என்பதை ஒவ்வொருவரும் தாமே கணக்கிடலாம். வயலில் நான்கு இடங்களில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்குச் சட்டம் வைத்து, செடியை அறுத்து, பச்சையாகவே நிறுத்துச் சராசரி பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்றால் ஏக்கருக்கு 4 டன். ஒன்றேகால் கிலோ என்றால் 5 டன். நன்றாக வந்த சணப்பை 5 முதல் 6 டன் தரும். பச்சைத் தழையில் தழைச்சத்து நூற்றுக்கு 0.4 பங்கு என்று கொண்டால், 5 டன்னில் 20 கிலோ இருக்கும். இது ஏறக்குறைய 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள அளவு. ஆனால் இதை நம்பி யூரியாவை அடியோடு நிறுத்தி விடக் கூடாது. இதில் ஒரு பகுதி மண்ணிலிருந்தே செடி எடுத்தது. மீதியும் ஒரே போகத்தில் முழுவதுமாகப் பயிருக்குக் கிடைக்காது. முதல் ஆண்டு அடியுர யூரியாவில் ஒரு பகுதியைக் குறைத்துப் பார்த்து, இலையின் பச்சையைக் கவனித்து மேலுரத்தை முடிவு செய்வதுதான் நிதானமான வழி.

நெல் வயலானால் தண்ணீர் கட்டி, கேஜ் சக்கரத்தால் மிதித்து, ஏழு முதல் பத்து நாள் விட்டு நடலாம். புஞ்சையில் ஈரமிருக்கும்போது உழுது, இரண்டு மூன்று வாரம் விட்டே விதைக்க வேண்டும். மட்காத தழைக்குள் விதை விழுந்தால் முளைப்பு குறையும்.

தக்காளி, கத்தரி, வாழைத் தோட்டம் வைத்திருப்போருக்கு இன்னொரு லாபம் உண்டு. வேர்முடிச்சு நூற்புழு சணப்பை வேருக்குள் நுழைந்தாலும் அங்கே வளர்ந்து பெருக முடியாது. அதனால் அடுத்த பயிருக்குத் தொல்லை குறையும். சணப்பை வேரில் முடிச்சைக் கண்டு இதுவும் நூற்புழுவோ என்று பயப்பட வேண்டாம். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியதாகும்; உதிராது.

நாருக்காக வளர்ப்பது நம் பக்கம் குறைவு. உத்தரப் பிரதேசத்தில் பிரதாப்கரில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கெல்லாம் காய் பிடிக்கும் வரை விட்டு, அறுத்து, இலை உதிர்த்து, கட்டுக்கட்டாகத் தண்ணீரில் ஊற வைத்து நார் உரிக்கிறார்கள். கயிறு, வலை, சிகரெட் காகிதம் என்று அந்த நாருக்குப் பல உபயோகம். வீட்டுக் கயிற்றுக்குச் சிறிது நார் எடுக்க விரும்புவோர் வரப்போரம் நாலு வரிசை விட்டு வைக்கலாம். குடிநீர்க் குளத்திலும் மீன் வளர்க்கும் குட்டையிலும் ஊறப் போடக் கூடாது. தண்ணீர் நாறிப் போகும்.

மருந்து விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சணப்பை இலையும் விதையும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், தோல் நோயைத் தீர்க்கும் என்று கைவைத்தியத்தில் சொல்வதுண்டு. ஆனால் இந்த இனத்துச் செடிகளில், குறிப்பாக விதையில், ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டு நஞ்சு இருக்கிறது. இது உடனே வாந்தி பேதி என்று காட்டிக் கொடுக்காமல் நாள்பட உள்ளே வேலை செய்யக் கூடியது. 1975-ல், அன்று மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜா மாவட்டத்தில் மலைவாழ் மக்களுக்கு வயிறு வீங்கி, நீர் கோத்து, பலர் இறந்தனர். அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை இன விதை கலந்திருந்தது ஆராய்ச்சியில் தெரிய வந்தது. அது சணப்பை அல்ல, அதன் உறவுச் செடி. இருந்தாலும் சணப்பை விதையை அரைத்துக் குடிப்பதும், குழந்தைகளுக்குக் கஷாயம் வைப்பதும் வேண்டாம். மஞ்சள் காமாலைக்கு என்று கொடுப்பது இன்னும் மோசம்; கெட்டிருக்கும் ஈரலை மேலும் கெடுப்பதாகும். மாட்டுக்கும் விதையோ காயோ போடக் கூடாது. பூக்கும் முன் இளந்தழையை மற்றத் தீவனத்தோடு சிறிதளவு கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. அதையே முழுத் தீவனமாக்கக் கூடாது. சாமை, வரகு போடும் நிலத்தில் கிலுகிலுப்பை முளைத்தால் காய்க்கும் முன் பிடுங்கி விடுங்கள்.

விதைக்கு ஆண்டுதோறும் காசு கொடுப்பானேன் என்று நினைப்பவர்கள் ஐந்தாறு சென்ட் தனியே ஒதுக்கலாம். பங்குனி, சித்திரை விதைப்பு இதற்கு ஏற்றது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி விட வேண்டும். சணப்பைப் பூ தன் மகரந்தத்தால் தானே காய் பிடிப்பதில்லை. கட்டையைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருந்தேனீ போன்றவை வந்து பூவை அழுத்தினால்தான் காய்க்கும். பூப்பருவத்தில் பூச்சிமருந்து அடித்தால் அந்தத் தேனீக்கள் போய்விடும். செடி நிற்கும், காய் இருக்காது. வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்பும் புள்ளி வைத்த அந்துப்பூச்சியின் புழு இலையைத் தின்று காயையும் துளைக்கும். சிறு பரப்பில் அதைக் கையால் பொறுக்கி அழிப்பதே போதும். 150 நாளில் காய் உலர்ந்து ஒலிக்கும்போது அறுத்துத் தட்டி, நன்கு காய வைத்து, "விதை" என்று எழுதிய பையில் கட்டி, வீட்டில் தானியம் இருக்கும் அறையில் வைக்காமல் தனியாக வையுங்கள்.