சுக்கான் பக்கம் தண்ணி கசியுதா? அக்கா சொல்றதைக் கேளு

தம்பி, சுக்கான் பக்கம் தண்ணி கசியுதுன்னதும் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு ஓடாதே. பழைய இன்போர்டு படகுல பின்பக்கம் தண்ணி வர நாலஞ்சு வழி இருக்கு. எதுன்னு தெரியாம கிளாண்டை முடுக்கினா சுக்கான் இறுகுமே தவிர தண்ணி நிக்காது.

முதல்ல ஒண்ணை மனசுல வெச்சுக்கோ. புரொப்பல்லர் ஷாஃப்டும் சுக்கான் தண்டும் ஒரே மாதிரி கிளாண்ட் வழியாத்தான் படகுக்குள்ள வருது. ஆனா ரெண்டுக்கும் வேலை வேற. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கான தடவை சுத்துது. உள்ளே இருக்கிற கிளாண்ட் ரோப் சூடாகிக் கருகாம இருக்க, ஓடும்போது சொட்டுச் சொட்டா தண்ணி விழணும். சுக்கான் தண்டு அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புது, அவ்வளவுதான். அதுக்குக் குளிர்ச்சி தேவையே இல்ல. அதனால சுக்கான் கிளாண்ட் சொட்டவே கூடாது. "பழைய படகுன்னா கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்"னு துறையில யார் சொன்னாலும் காதுல வாங்கிக்காதே.

கசிவு எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை. பின்பக்கப் பலகையைத் திறந்து, தேங்கின தண்ணியை இறைச்சுடு. தண்டு, கிளாண்ட், அது உட்கார்ந்திருக்கிற அடித்தட்டு, சுத்தியிருக்கிற போல்ட் எல்லாத்தையும் பழந்துணியால காயத் துடை. அதுமேல கோலமாவோ சாக்பீஸ் பொடியோ லேசா தூவு. ஒருத்தர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவா திருப்பட்டும். நீ டார்ச் அடிச்சுப் பாரு. பொடி எங்க முதல்ல நனையுதோ அங்கதான் கோளாறு. திரும்புற இரும்புக் கைக்கும் சட்டத்துக்கும் நடுவுல மட்டும் விரலை விட்டுடாதே. கட்டிப்போட்ட படகுல ஒண்ணும் தெரியலைன்னா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாரு. வேகம் எடுக்கும்போது பின்பக்கம் தாழும். நிக்கிறப்போ தண்ணி மட்டத்துக்கு மேல இருந்த கிளாண்ட் அப்போ கீழே போயிடும். சில படகு ஓடும்போது மட்டும் கசியறது இதனாலதான்.

தண்டை ஒட்டியே ஈரம் வந்தா ரோப் தேய்ஞ்சிருக்கு. லாக் நட்டைத் தளர்த்து. ரெண்டு பக்க நட்டையும் மாத்தி மாத்தி, ஒரு தடவைக்குக் கால் சுத்துக்கு மேல போகாம முடுக்கு. ஒரு பக்கம் மட்டும் முடுக்கினா கிளாண்ட் கோணலா இறங்கித் தண்டைக் கீறிடும். ஒவ்வொரு கால் சுத்துக்கும் சுக்கானைத் திருப்பிப் பாரு. கை கனமா இருந்தா நிறுத்திடு. மரை முழுக்க இறங்கியும் கசியுதுன்னா இனி முடுக்க இடமில்ல, ரோப்பை மாத்த வேண்டியதுதான்.

இதைப் படகைக் கரையேத்தித்தான் செய்யணும். தண்ணி மட்டத்துக்குக் கீழே இருக்கிற கிளாண்டைத் திறந்தா கடல் உள்ளே வரும். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கே, விசைப்படகுக்காரங்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப்போடாதே. அப்போ லேத்லயும் கூட்டம், ஸ்லிப்வேயிலயும் கூட்டம்.

பழைய ரோப்பை எடுக்க முனையில திருகு இருக்கிற கொக்கி கிடைக்கும். ஸ்க்ரூடிரைவரால நோண்டாதே, தண்டுல கோடு விழும். வெளியே வர்ற வளையத்தை எண்ணிக்கிட்டே வா. அடியில இருக்கிற கடைசி வளையம் கல்லா இறுகிக் கிடக்கும். அதை விட்டுட்டு மேல புதுசு போட்டா கசிவு திரும்ப வரும். பழசு மேல ஒரே ஒரு புது வளையம் போட்டு ஒப்பேத்தற வேலையும் வேண்டாம்.

ரோப்போட கனத்தைப் பழசை வெச்சு அளக்காதே, அது நசுங்கிப்போனது. ரோப் உட்கார்ற கூட்டோட உள்விட்டத்திலிருந்து தண்டோட விட்டத்தைக் கழிச்சு ரெண்டால வகுத்துக்கோ. கூடு 58 மி.மீ., தண்டு 38 மி.மீ.ன்னா ரோப் 10 மி.மீ. புது ரோப்பைத் தண்டு மேலயே சுத்தி, சாய்வா வெட்டு. ஒவ்வொரு வளையத்துக்கும் கிரீஸ் தடவித் தனித்தனியா உள்ளே தள்ளு. ஒரு வளையத்தோட வெட்டுக்கு நேரா அடுத்ததோட வெட்டு வரவே கூடாது. ஒரே ரோப்பைச் சுருள் சுருளா சுத்தி அடைக்கிறவங்களும் உண்டு. அந்தச் சுருள் வழியாவே தண்ணி ஏறி வந்துடும்.

கடையில கறுப்பா கிராஃபைட் ரோப் கொடுத்தா வாங்காதே. உப்புத்தண்ணியில கிராஃபைட்டும் உலோகமும் சேர்ந்தா தண்டு அரிச்சுப்போகும். மெழுகு ஏத்தின சணல்நார் ரோப், இல்லாட்டி டெஃப்லான் ஏத்தினது கேளு.

ரோப்பை எடுத்த கையோட தண்டைப் பார்த்துடு. விரல்நகத்தை மேலும் கீழுமா இழு. நகம் பள்ளத்துல மாட்டினா எவ்வளவு நல்ல ரோப் போட்டாலும் நிக்காது, தண்டு லேத்துக்குப் போகணும். அப்புறம் வெளியே வந்து சுக்கானோட கீழ்நுனியைப் பிடிச்சு ஆட்டு. நல்லா ஆடினா தண்டைத் தாங்கற புஷ் தேய்ஞ்சிருக்கு. தண்டு ஆட ஆட ரோப் ஒரு பக்கமா நசுங்கி மறுபக்கம் இடைவெளி விடும். வருஷா வருஷம் ரோப் மாத்தியும் கசிவு நிக்காத படகுல பெரும்பாலும் நோய் இந்த புஷ்லதான் இருக்கும், நம்மாளுங்க அதைப் பார்க்கிறதே இல்ல. தண்டைக் கழட்டறதுக்கு முன்னாடி சுக்கானுக்கு அடியில கட்டை முட்டுக்கொடு. மேல் கையையும் காலரையும் கழட்டினதும் சில படகுல மொத்த சுக்கானும் கீழே இறங்கிடும். காலை நசுக்கற கனம் அது.

அடித்தட்டோட ஓரத்துல ஈரம் வந்தா விஷயம் வேற. ரோப்பை விட்டுடு. தட்டைத் தூக்கி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, அடியில இருக்கிற மரத்தைக் கூர்முனையால குத்திப் பாரு. மெத்துன்னு இறங்கினா அந்தக் கட்டையையும் மாத்தணும். ஊறின மரத்துல போல்ட் பிடிக்காது. ஒட்டறதுக்குக் கடலுக்குன்னே வர்ற பாலியூரித்தேன் பசை வாங்கு. பாத்ரூமுக்குப் பூசற சிலிக்கான் தண்ணி மட்டத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம். வெண்கலத் தட்டுக்குச் சாதா இரும்பு போல்ட் போடாதே, சீக்கிரமே அரிச்சுப்போகும். பசை காய டியூபுல எத்தனை நாள் போட்டிருக்கோ அத்தனை நாள் விடு.

சில கிளாண்டுல கிரீஸ் நிப்பிள் இருக்கும். நடுக்கடல்ல திடீர்னு கசிஞ்சா வேகத்தைக் குறை, கிரீஸ் கன்னால நாலு அடி அடி, நட்டைக் கால் சுத்து முடுக்கு. கரை வந்து சேர அது போதும். ஆனா அதையே ரிப்பேர்னு நினைச்சு அடுத்த தொழிலுக்குக் கிளம்பிடாதே.

எல்லாம் முடிஞ்சு தண்ணியில இறக்கினதும் அன்னிக்கே கடலுக்குப் போக வேண்டாம். ராத்திரி முழுக்கத் துறையிலயே கிடக்கட்டும். காலையில பலகையைத் திறந்து கையை விட்டுப் பாரு. காய்ஞ்சிருந்தா கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் பாரு. புது ரோப் படிஞ்சு கொஞ்சம் தளரும், அதனால முதல் ரெண்டு மூணு தொழிலுக்கு அப்புறம் நட்டைச் சரிபார்த்தே ஆகணும். எப்போ பார்த்தாலும் துளி ஈரம் தெரிஞ்சா அன்னிக்குப் படகை அவுக்காதே தம்பி. அதுல உன்னோட சேர்ந்து இன்னும் அஞ்சாறு வீட்டுப் பிள்ளைங்க வர்றாங்க.