செல்லுக்குள் ஒரு பம்ப் செட்



ஹாஸ்டலில் காலை நேரத்தில் கரன்ட் போனால் என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். கீழே சம்ப் நிறைய தண்ணீர் இருக்கும். மாடி டேங்க் காலி. பக்கெட்டோடு வரிசையில் நிற்போம். தண்ணீர் தானாக மேலே ஏறாது, மோட்டார் ஓடியே ஆகணும்.

நம் உடம்பின் செல்லிலும் இதே கதைதான்.

செல்லைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல் சோடியம் அயனி. உள்ளே 12 அளவில்தான். பொட்டாசியம் நேர் எதிர்: உள்ளே சுமார் 140, வெளியே 4. அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பரவுவதுதான் அயனியின் இயல்பு. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம் அழியாமல் நிற்கிறது என்றால், அங்கே ஒரு பம்ப் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்?

அந்தப் பம்ப் ஒரு புரதம். டென்மார்க் நாட்டு ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தின் யென்ஸ் ஸ்கூ, நண்டுக் காலின் நரம்பை ஆராய்ந்து 1957-ல் இதை வெளியிட்டார். 1997-ல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அது வேலை செய்யும் விதம்:

1. பம்ப் உள்பக்கம் திறந்து 3 சோடியம் அயனிகளைப் பிடிக்கிறது.

2. ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று உடைகிறது. அதன் பாஸ்பேட் பம்பில் ஒட்டிக்கொள்கிறது.

3. பம்பின் வடிவம் மாறி வெளிப்பக்கம் திறக்கிறது. சோடியம் வெளியேற, 2 பொட்டாசியம் உட்காருகிறது.

4. பாஸ்பேட் கழன்றதும் பழைய வடிவம் திரும்புகிறது. பொட்டாசியம் உள்ளே இறங்குகிறது.

நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது!

இந்த அயனி வித்தியாசத்தால் நரம்புச் சவ்வில் சுமார் 70 மில்லிவோல்ட் நிற்கிறது. எலக்ட்ரிகல் நண்பர்களே, இவ்வளவுதானான்னு சிரிக்காதீங்க. சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட்!

சரி, டேங்க் நிறைந்தால் குழாயைத் திறக்கலாம் அல்லவா? குடலில் அதுதான் நடக்கிறது. பம்ப் வெளியேற்றிய சோடியம் மறுபடி செல்லுக்குள் இறங்கத் துடிக்கும். குடல் சுவரின் ஒரு வாசல், சோடியமும் குளுகோஸும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும். அவை போகும் வழியே தண்ணீரும் பின்னால் போகும். காலரா வந்தாலும் இந்த வாசல் கெடுவதில்லை.

1971-ல் வங்காள அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ், உப்பும் குளுகோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100-க்கு 30 வரை இருந்த சாவு 4-க்கும் கீழே வந்தது.

வெறும் உப்புத் தண்ணீர் போதாது, சர்க்கரையும் வேணும் என்பதற்குக் காரணம் இதுதான். வயிற்றுப்போக்கு வந்தால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தவறக் கூடாது. கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பரீட்சைக்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள் நண்பர்களே. வீட்டில் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். ஒரு குழந்தையின் உயிர் அதில் இருக்கலாம்.