திட்டுவதற்கு முன் கேளுங்கள்

சென்ற மாதம் ஞாயிறு சமய வகுப்பு முடிந்ததும் படிவம் மூன்று மாணவன் ஒருவன் தயங்கி நின்றான். "அண்ணா, வேப் வெறும் ஆவிதானே? சிகரெட் மாதிரி இல்லையே?" என்றான். சட்டையில் மாம்பழ வாசனை.

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, "எப்போ ஆரம்பிச்சே?" என்று மட்டும் கேட்டேன். "மூணு மாசம்ணா. கூட்டாளி குடுத்தான். இப்போ விட முடியல. வீட்ல தெரிஞ்சா அடிப்பாங்க" என்றான். கண் கலங்கியது.

பிறகுதான் விளக்கினேன். அது நீராவி அல்ல. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், பெரும்பாலும் நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி வரும் புகை. நம் மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. அதற்குள் நிக்கோட்டின் பழகினால் சீக்கிரம் அடிமையாவோம். படிப்பில் கவனமும் சிதறும். மலேசியாவில் 1 அக்டோபர் 2024 முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு வேப் விற்பதும் குற்றம்.

"விட முடியாதது உன் தப்பு மட்டும் இல்லப்பா, நிக்கோட்டின் செய்யும் வேலை" என்றேன். அன்று மாலை அவனோடு வீட்டுக்குப் போனேன். அம்மா அழுதார், அடிக்கவில்லை. மறுவாரம் அரசாங்க சுகாதார கிளினிக்கில், புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவுக்கு மூவரும் சென்றோம். இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் இப்போது மறைப்பதில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் கூட்டாளி இப்படி வந்து சொன்னால் முதலில் என்ன கேட்பீர்கள்? அடுத்த வகுப்பில் பேசுவோம்.