வெட்டிய புல் வீணாகலாமா?

நம் பள்ளித் திடலிலும் வீட்டு முற்றங்களிலும் அடிக்கடி புல் வெட்டப்படுகிறது. அதைக் குவித்துத் தீயிடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். மண்ணுக்குச் சேர வேண்டிய தழைச்சத்து அவ்வாறு புகையாய்ப் போகிறது. நம் நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் திறந்த வெளியில் எரிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. அப்புல்லைக் கூட்டெருவாக்குவதே நலம்.

மெர்சிங் வட்டாரத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அக்காலப் பெருமழை, மணற்பாங்கான நிலத்தின் சத்துகளைக் கரைத்துச் செல்கிறது. கூட்டெருவோ நீரையும் சத்தையும் மண்ணில் நிறுத்தி வைக்கும். உர மூட்டைக்காகும் செலவையும் குறைக்கும்.

பச்சைப் புல்லை மட்டும் குவித்தால் அது படிந்து, காற்றுப் புகாமல் அழுகி நாறும். ஏனெனில், மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் ஈரமும் அளவான உணவும் தேவை. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமச்சத்து இருத்தல் நன்று. புல்லில் தழைச்சத்து மிகுதி. காய்ந்த இலைகளில் கரிமச்சத்து மிகுதி. இரண்டையும் கலப்பதே இக்கலையின் அடிப்படை.

ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் இம்முறையை ஆராய்ந்து வகுத்தார். கீழை நாட்டு உழவர்களிடம் தாம் கற்றதை அவர் மறைக்கவில்லை. உழவரின் அறிவே உலகுக்கு ‘இந்தூர் முறை’யாகச் சென்றது.

செய்முறை எளிது. நீர் தேங்காத நிழலான இடத்தில் முதலில் சிறு குச்சிகளைப் பரப்புக. ஒரு கூடை புல்லுக்கு இரண்டு கூடை காய்ந்த இலை என்னும் அளவில் அடுக்கி, இடையிடையே சிறிது சாணமோ மண்ணோ தூவுக. குவியல் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருப்பின் உள்ளே நன்கு சூடேறும். பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் போதும். மழைக்குத் தகரத்தால் மூடுக. பத்து நாளுக்கு ஒருமுறை கிளறுக. பின்னர்க் கைகளைக் கழுவுக. மீன், இறைச்சிக் கழிவுகளை இட்டால் எலிகள் வரும். களைக்கொல்லி தெளித்த புல்லை ஒருபோதும் சேர்த்தல் கூடாது. அந்நஞ்சு செடிகளைக் கெடுக்கக்கூடும்.

ஏறக்குறைய மூன்று மாதங்களில் குவியல் பாதிக்கும் மேல் சுருங்கிக் கருநிறம் பெறும். சூடு தணிந்து மண்வாசம் வீசினால் எரு ஆயத்தம். கத்தரி, வெண்டை, மிளகாய்ச் செடிகளைச் சுற்றி, தண்டில் படாமல், 5 சென்டிமீட்டர் கனத்திற்கு இடுக. பூச்சட்டிக்கு இரண்டு பங்கு மண்ணுடன் ஒரு பங்கு எரு போதும்.

மாணவர்களே, பெற்றோர்களே! இனிப் புல் வெட்டும் நாளில் தீப்பெட்டியைத் தேடாமல் காய்ந்த இலைகளைத் தேடுவோமாக!