முக்காலே மூணு வீசம்

கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் நாங்கள் நடத்தும் டியூஷன் வகுப்பில், படிவம் ஒன்று படிக்கும் ஒரு தங்கச்சி போட்ட கணக்கு இது:

1/2 + 1/3 = 2/5

மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருந்தாள். தப்பு என்றதும், "எனக்குக் கணக்கு வராது அண்ணே" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். தமிழ்ப்பள்ளியில் 'பின்னம்' என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் 'பெச்சாஹான்' ஆகிறபோது, நம் பிள்ளைகள் பலர் மூடுகிற இடம் இதுதான்.

"சரி, கணக்கு வேண்டாம். உன் தட்டுல அரை ரொட்டி சானாய் இருக்கு. நான் இன்னொரு ரொட்டியில மூணுல ஒரு பங்கு வைக்கிறேன். இப்ப அரையைவிடக் கூடவா, குறைச்சலா?"

"கூடத்தான்."

"அஞ்சுல ரெண்டு பங்கு, அரையைவிடக் கூடவா?"

கொஞ்சம் யோசித்தாள். அஞ்சில் ரெண்டரை இருந்தால்தான் அரை. அப்படியானால் 2/5 அரையைவிடக் குறைச்சல். கூட்டினால் எப்படிக் குறையும்? சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திறந்தாள். விடை எழுதியதும் இப்படி ஒரு தடவை தட்டிப் பார்க்கிற பழக்கம், எந்தச் சூத்திரத்தையும்விடப் பெரிய துணை என்பது என் அபிப்பிராயம்.

இனி, ஏன் கீழே இருப்பதைக் கூட்டக் கூடாது? பின்னத்தில் கீழே உள்ள பகுதி, துண்டின் பெயர். மேலே உள்ள தொகுதி, எத்தனை துண்டு என்ற எண்ணிக்கை. பெயரை யாரும் கூட்டுவதில்லை. 'அரை'யும் 'மூன்றில் ஒன்று'ம் வேறு வேறு அளவுத் துண்டுகள். இரண்டையும் ஒரே அளவாக வெட்டிக்கொண்டால் எண்ணிவிடலாம். ஆறாக வெட்டினால் அரைக்கு 3 துண்டு, மூன்றில் ஒன்றுக்கு 2 துண்டு. மொத்தம் 5/6. கழித்தலும் இப்படியே, அரையில் மூன்றில் ஒன்று போனால் மிச்சம் 1/6.

இந்த வேலையை நம் முன்னோர் சொல்லிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த காலத்தில் பின்னங்களுக்குத் தனிப் பெயர்கள் இருந்தன. 1/20 ஒரு மா. 1/80 ஒரு காணி. 1/320 ஒரு முந்திரி (பொங்கலில் போடுகிற முந்திரி இல்லை!). இந்த முந்திரியைப் பொதுத் துண்டாக வைத்துப் பாருங்கள். அரைக்கு 160 முந்திரி, காலுக்கு 80, அரைக்காலுக்கு 40, மாவுக்கு 16, காணிக்கு 4. எல்லாம் முழு எண்!

1/16க்கு இரண்டு பெயர்கள்: வீசம், மாகாணி. மாகாணி என்ற சொல்லைப் பிரித்தால் மா + காணி. 16 முந்திரியும் 4 முந்திரியும் 20 முந்திரி. 20/320 என்பது 1/16. பெயரே ஒரு கூட்டல் கணக்கு.

வீட்டில் பெரியவர்கள், "முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க" என்பார்கள். முக்கால் என்பது 12 வீசம். அதோடு 3 வீசம், ஆக 15/16. ஒரு வீசம்தான் பாக்கி. கிட்டத்தட்ட எல்லாரும் வந்துவிட்டார்கள் என்பதை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள் பாருங்கள்.

ஆனால் மூன்றில் ஒன்று இந்த வரிசைக்குள் அடங்காது. 320ஐ மூன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாதே. அதனால்தான் தங்கச்சியின் கணக்குக்கு ஆறு என்ற வேறு துண்டு தேவைப்பட்டது.

பெருக்கலும் சொல்லில் இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் பாதி: 1/2 × 1/4 = 1/8. இங்கே மேலும் மேலும், கீழும் கீழும் பெருக்கினால் போதும். ஆனால் 'அரையே கால்' என்று ஓர் ஏகாரம் சேர்த்தால் அது கூட்டல், முக்கால் ஆகிவிடும். ஓர் எழுத்தில் கணக்கே மாறுகிறது.

இதை மடைப்பள்ளியில் பார்ப்போம். சர்க்கரைப் பொங்கலுக்கு எங்கள் அளவு, ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு, ஒன்றரைப் பங்கு வெல்லம். அரிசி இரண்டரை கிலோ, அதாவது 5/2.

பருப்பு: 5/2 × 1/4 = 5/8 கிலோ. இதுதான் அரையே அரைக்கால், 625 கிராம்.

வெல்லம்: 5/2 × 3/2 = 15/4, மூன்றே முக்கால் கிலோ.

வெல்லம் அரை கிலோ பொட்டலமாகத்தான் கிடைக்கிறது. எத்தனை வாங்குவது? மூன்றே முக்காலுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்பதுதான் கேள்வி. வகுத்தல் என்பதும் அதுதான். ஒரு கிலோவுக்கு இரண்டு அரை. ஆகவே 15/4 ÷ 1/2 என்பது 15/4 × 2, அதாவது ஏழரை. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று டீச்சர் சொல்வதன் காரணம் இவ்வளவுதான். கடையில் ஏழரை பொட்டலம் தரமாட்டார்கள், எட்டு வாங்குங்கள். மிச்சம் கால் கிலோ பானகத்துக்கு ஆகும்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு கணக்கு: அரையே அரைக்காலோடு மூணு வீசத்தைக் கூட்டினால் எவ்வளவு? பின்னமாகவும் எழுதுங்கள், தமிழ்ப் பெயராகவும் சொல்லுங்கள். அந்தத் தங்கச்சி இரண்டையும் கண்டுபிடித்துவிட்டாள்.