ஆற்றங்கரையில் ஓர் ஆலை நகரம்

நதிக்கரையில் நாகரிகம் பிறந்தது என வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். நதிக்கரையில் ஓர் ஆலை நகரம் பிறந்த கதையை இக்கட்டுரையில் காண்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமேக் ஆற்றங்கரையில் அமைந்துள்ள லோவல்தான் அந்நகரம்.

ஆறும் ஆலையும்

லோவலில் மெரிமேக் ஆறு சுமார் 32 அடி கீழிறங்குகிறது. 1820களில் பாஸ்டன் வணிகர்கள் கால்வாய் வெட்டி அந்நீரின் விசையால் தறிகளை இயக்கினர். விசைத்தறி ஆலைக்கு அமெரிக்காவில் வழிகாட்டிய பிரான்சிஸ் கேபட் லோவல் 1817-இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரையே ஊருக்குச் சூட்டினர். 1826-இல் ஊராட்சியாக உருவான லோவல், பத்தே ஆண்டுகளில் மாநகரானது.

பேனா பிடித்த கைகள்

ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்து இளம் பெண்கள். விடுதியில் தங்கி, மணியோசைக்கு எழுந்து, நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்கும் மேல் உழைத்தனர். 1834-இல் கூலி குறைந்தபோதும், 1836-இல் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோதும் வேலைநிறுத்தம் செய்தனர். இரண்டாம் போராட்டத்தில் தம் பிரிவினரை வெளியே அழைத்துச் சென்ற ஹாரியட் ஹான்சனுக்கு அப்போது வயது 11!

இப்பெண்கள் 1840 முதல் 1845 வரை ‘லோவல் ஆஃபரிங்’ என்ற இதழில் கதை, கவிதை, கட்டுரை எழுதினர். அவர்களுள் லூசி லார்காம் பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரானார். ஆனால், வேலை நேரம், கூலி பற்றிய குறைகளை அவ்விதழ் பெரும்பாலும் தவிர்த்தது. தன் கட்டுரைகளை மறுத்துவிட்டதாக 1845-இல் பகிரங்கமாகச் சாடினார் சாரா பேக்லி என்ற தொழிலாளி. பத்து மணி நேர வேலை கேட்டு, அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றக் குழுவின்முன் சாட்சியமும் அளித்தார். குழு கைவிரித்தது. பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பத்து மணி நேரச் சட்டம் 1874-இல்தான் அங்கு வந்தது.

ஊரை மறுத்தவரும் எழுதியவரும்

ஓவியர் விஸ்லர் 1834-இல் லோவலில் பிறந்தவர். ஆனால், தாம் ரஷ்யாவில் பிறந்ததாகவே சொல்லிக்கொண்டார். 1922-இல் பிறந்த நாவலாசிரியர் ஜாக் கெருவாக் அப்படியல்லர். லோவலைத் தம் நாவல்களில் மீண்டும் மீண்டும் எழுதினார். பிரெஞ்சு பேசும் வீட்டில் வளர்ந்து, பள்ளிப் பருவத்தில் ஆங்கிலம் கற்று, ஆங்கிலத்திலேயே புகழடைந்தார். 1969-இல் அவர் மறைந்தார். அவர் தாய்மொழியில் எழுதிவைத்த படைப்புகள் 2016-இல்தான் நூலாயின. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசியப் பள்ளியில் வேறு மொழிக்கு மாறிய எனக்கு இச்செய்தி சாதாரணமாகத் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேரின் தமிழ் எழுத்துகள் இழுப்பறையில் கிடக்கின்றனவோ!

ஆலைகள் ஓய்ந்தபின், 1978-இல் அப்பகுதி தேசிய வரலாற்றுப் பூங்காவானது. ஆலைப் பெண்களின் வாழ்வை இன்று நாம் அறிவதற்கு அவர்கள் எழுதிவைத்ததே பெருங்காரணம் எனலாம். நம் ஆண்டு மலரும் அத்தகைய ஓர் ஏடுதான். இதில் அழகானவற்றை மட்டும் எழுதப்போகிறோமா, பேக்லியைப் போன்றவர்களுக்கும் இடம் தரப்போகிறோமா? சிந்திப்போம், தோழர்களே!