எவரெஸ்ட் மலையில் குப்பை: சூழல்நேய மலையேற்றம்

மாணவர்களே, சுற்றுலாத்துறையினால் ஏற்படும் சூழல் பாதிப்புகளை உதாரணத்துடன் விளக்குமாறு வினா வந்தால், பெரும்பாலானோர் "குப்பை சேரும், நீர் மாசடையும்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். உதாரணத்துக்குரிய புள்ளி அங்கேயே போய்விடுகிறது. ஓர் இடத்தை ஆண்டு, அளவு, காரணம் ஆகியவற்றுடன் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தால் இந்த வகை வினா எப்படி மாறி வந்தாலும் சமாளிக்கலாம். அதற்கு எவரெஸ்ட் சிகரம் மிகப் பொருத்தமான இடம்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். நேபாளத்துக்கும் திபெத்துக்கும் இடையிலான எல்லையில் உள்ள எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீற்றர். நேபாளமும் சீனாவும் 2020 டிசெம்பரில் கூட்டாக அறிவித்த அளவு இது. பழைய புத்தகங்களில் 8,848 என்றிருக்கும், அதை எழுதினாலும் பிழையில்லை. 1953 மே 29ஆம் திகதி எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நோர்கேயும் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். மலையின் நேபாளப் பக்கம் சாகர்மாதா தேசிய பூங்காவுக்குள் அடங்குகிறது. 1976இல் அமைக்கப்பட்ட இப்பூங்கா 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. (இலங்கையிலிருந்து முதன்முதலில் உச்சியை அடைந்தவர் ஜெயந்தி குரு உதும்பல, 2016 மே 21. இது பொது அறிவு வினாவுக்கு உதவும்.)

குப்பை ஏன் அங்கேயே கிடக்கிறது?

இதுதான் இப்பாடத்தின் முக்கியமான பகுதி. ஆறுதலாக வாசியுங்கள்.

நமது வீட்டு வளவில் ஒரு வாழைப்பழத் தோலை எறிந்தால் சில வாரங்களில் உக்கிவிடும். நுண்ணங்கிகள் தொழிற்பட அங்கே போதிய வெப்பமும் ஈரமும் உண்டு. எவரெஸ்ட்டில் அடிமுகாமே ஏறத்தாழ 5,360 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேலே வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேதான். எனவே உக்கக்கூடிய கழிவும் அங்கே உக்காது, மனிதக் கழிவு உட்பட. உக்காத கழிவுகளான ஒட்சிசன் சிலிண்டர், கிழிந்த கூடாரம், நைலோன் கயிறு, தகரப் பேணி, எரிவாயுக் கலன் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. பனி மூடினால் மறைந்திருக்கும், பனி உருகினால் வெளியே வரும். பல ஆண்டுகளுக்கு முன்னர் விட்டுச்சென்ற பொருள்கள் இப்போது வெளிவருவதற்கு வெப்பநிலை உயர்வும் ஒரு காரணம். உருகும் நீர் கீழுள்ள கும்பு பள்ளத்தாக்கின் ஓடைகளுக்குப் போகிறது. அங்குள்ள மக்கள் குடிப்பது அந்த நீரைத்தான்.

சரி, கொண்டுபோனவரே திருப்பிக் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். நான்காம் முகாம் ஏறத்தாழ 7,900 மீற்றரில் உள்ளது. 8,000 மீற்றருக்கு மேற்பட்ட பகுதியை மலையேறுவோர் "மரண வலயம்" என்பர். இங்கே ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். உயரே போகும்போது வளியிலுள்ள ஒட்சிசனின் வீதம் குறைவதில்லை, அது ஏறத்தாழ 21 வீதமே. குறைவது வளிமண்டல அமுக்கம். அதனால் ஒரு மூச்சில் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன், உச்சியில் கடல் மட்டத்தில் கிடைப்பதன் மூன்றிலொரு பங்களவுதான். அந்த நிலையில் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்குபவருக்குத் தன் உடலைக் கீழே கொண்டுவருவதே பெரும்பாடு. வெறும் சிலிண்டரையும் கூடாரத்தையும் விட்டுவிட்டு வருகிறார். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட வேண்டாம். ஆனால் அவரைப் போல நூற்றுக்கணக்கானோர் ஆண்டுதோறும் ஏறுகின்றனர் என்பதையும் மறக்க வேண்டாம்.

மலையேறுவோரே எடுத்த முயற்சி

1991இல் கும்பு பகுதி மக்களே சாகர்மாதா மாசு கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்தனர். கண்ணாடிப் போத்தல்களுக்கு 1998இல் அப்பகுதியில் தடை வந்தது. ஆனால் மலையின் மேற்பகுதி வேறு கதை. அங்கே ஏறத் தெரிந்தவரால் மட்டுமே துப்புரவு செய்ய முடியும்.

2008இல் தாவா ஸ்டீவன் ஷெர்பா என்னும் நேபாள மலையேறுநர் "ஈகோ எவரெஸ்ட்" என்ற பெயரில் ஒரு மலையேற்றக் குழுவை வழிநடத்தத் தொடங்கினார். சூழலுக்குத் தீங்கின்றி எவரெஸ்ட்டில் ஏற முடியும் என்று காட்டுவதே நோக்கம். குழுவினர் தங்கள் கழிவு முழுவதையும், மனிதக் கழிவையுங்கூட, கீழே கொண்டுவந்தனர். சமையலுக்குச் சூரிய அடுப்பையும் பயன்படுத்தினர். எனக்குப் பிடித்தது அவர்களுடைய இன்னொரு திட்டம்: மற்றக் குழுக்கள் விட்டுச்சென்ற பழைய குப்பையைக் கொண்டுவருபவருக்கு நிறைக்கு ஏற்பப் பணம் கொடுத்தனர். சுமை இறக்கிவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் ஷெர்பாவுக்கு அது மேலதிக வருமானம். புத்திமதியைவிடக் கூலி வேலை செய்யும் என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருந்தனர். 2010இல் நம்கியால் ஷெர்பா தலைமையில் 20 நேபாள மலையேறுநர்கள் 8,000 மீற்றருக்கு மேலேயே துப்புரவு செய்யப் புறப்பட்டனர்.

சட்டம் எங்கே சறுக்கியது?

2014இல் நேபாள அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி அடிமுகாமுக்கு மேலே ஏறும் ஒவ்வொருவரும் குறைந்தது 8 கிலோகிராம் குப்பையுடன் இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழுவும் 4,000 அமெரிக்க டொலரை வைப்புப் பணமாகக் கட்ட வேண்டியிருந்தது, குப்பையைக் கொண்டுவந்தால் பணம் திரும்பக் கிடைத்தது.

கேட்க நல்ல விதி. ஆனால் நிறை பார்க்கப்பட்டது கீழே. அந்த 8 கிலோ எந்த முகாமிலிருந்து வந்தது என்று தராசு சொல்லுமா? எனவே தாழ்ந்த முகாம்களின் குப்பை இறங்கியது, பணமும் திரும்பக் கிடைத்தது. மேல் முகாம்களின் குப்பை பெரும்பாலும் அங்கேயே கிடந்தது. 2024இல் நேபாள இராணுவமும் ஷெர்பாக்களும் எவரெஸ்ட், லோட்சே, நுப்ட்சே மலைகளிலிருந்து ஏறத்தாழ 11 தொன் குப்பையையும் நான்கு சடலங்களையும் ஓர் எலும்புக்கூட்டையும் இறக்கினர். அதே ஆண்டு முதல், உடற்கழிவைச் சேகரித்து இறக்குவதற்கான பைகளை ஏறுவோர் வாங்கிச் செல்ல வேண்டும் என்று உள்ளூராட்சி மன்றம் கட்டளையிட்டது.

யார் சுமக்கிறார்கள்?

பயிற்சிப் புத்தகங்களில் இது அதிகம் வருவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அடிமுகாமுக்கும் முதலாம் முகாமுக்கும் இடையே கும்பு பனிவீழ்ச்சி உள்ளது. அசைந்துகொண்டே இருக்கும் பனிப்பாறைகளுக்கு ஊடாக அலுமினிய ஏணி வைத்துக் கடக்க வேண்டிய இடம் அது. 2014 ஏப்ரல் 18ஆம் திகதி அங்கே விழுந்த பனிச்சரிவில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தனர். கூடாரமும் உணவும் மேலே போவதும், குப்பை கீழே வருவதும் இதே வழியாலும் பெரும்பாலும் அவர்கள் முதுகிலுமே. ஒரு மூட்டை குப்பைக்காக ஒருவர் அந்த இடத்தை இன்னொரு தடவை கடக்க வேண்டுமா? மலை சுத்தமாக வேண்டும் என்பவர்கள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2024இல் முதலாம் முகாமிலிருந்து ட்ரோன் மூலம் குப்பையை இறக்கிப் பரீட்சித்ததும் 2025 பருவத்தில் அதைப் பயன்படுத்தியதும் இதனால்தான். ஒரு தடவையில் ஏறத்தாழ 15 கிலோ சில நிமிடங்களில் இறங்குகிறது. ஆனால் மேல் முகாம்களிலிருந்து முதலாம் முகாம்வரை இன்னும் மனிதர்தான் சுமக்கிறார்.

"மலையேற்றத்தை முற்றாகத் தடைசெய்ய வேண்டும்" என்று சிலர் விடை எழுதுவதுண்டு. எழுதலாம், ஆனால் காரணம் காட்ட வேண்டும். உருளைக்கிழங்கும் யாக் மாடும் திபெத் வணிகமும் நம்பி வாழ்ந்த கும்பு மக்களின் இன்றைய வருமானத்தில் பெரும்பகுதி சுற்றுலாவிலிருந்து வருகிறது. தடை விதித்தால் அவர்கள் என்ன செய்வர் என்று இரண்டு வரியாவது எழுதாத விடை அரைகுறையானது.

இலங்கை உதாரணம் கேட்டால் ஹோட்டன் சமவெளியை எழுதுங்கள். நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றிய பின்னரே உள்ளே விடுகின்றனர். 2014ஆம் ஆண்டின் எவரெஸ்ட் விதி குப்பையை இறக்கச் சொன்னது, இது உள்ளே போகாமலே தடுக்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்டினால் விடை தனித்துத் தெரியும்.

பயிற்சி வினா

1. எவரெஸ்ட்டின் மேல் முகாம்களில் உக்கக்கூடிய கழிவும் உக்காமைக்குக் காரணம் தருக. (2 புள்ளிகள்)
2. உயரம் கூடும்போது சுவாசம் கடினமாவது ஏன்? (2 புள்ளிகள்)
3. மலையேற்றக் குழுக்கள் மேற்கொண்ட சூழல்நேய நடவடிக்கைகள் மூன்றை ஆண்டுடன் குறிப்பிடுக. (6 புள்ளிகள்)
4. 2014ஆம் ஆண்டின் 8 கிலோகிராம் விதியிலுள்ள குறைபாட்டை விளக்கி, அதைத் திருத்த உமது ஆலோசனை ஒன்றை முன்வைக்குக. (5 புள்ளிகள்)

நான்காம் வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. மேல் முகாமிலேயே நிறை பார்த்தல், பொருள்களுக்கு இலக்கமிட்டு ஏறும்போதும் இறங்கும்போதும் சரிபார்த்தல் என எதையும் எழுதலாம். ஆனால் அந்த வேலையை யார், எந்த உயரத்தில் நின்று செய்வார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.